கனகாவைத் தொலைத்த நம்பிக்கை

“கம்பைல் ஆயிட்டா ஓடும் சார். இது ஹாஸ்கெல்.”

சென்ற வாரம் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கெட்டிக்காரர். டாக்கர் கண்டெய்னரில் நிஜ போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை எழுப்பி அதன்மேல் ஓட்டுகிற சோதனைகள் அத்தனையையும் நீக்கிவிடலாம் என்று முன்மொழிந்திருந்தார். அவை மெதுவாக ஓடுகின்றனவாம். ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் எழுதுகிறவர்களுக்கு அவை தேவையும் இல்லையாம். டைப் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எட்டுப் பேரில் ஆறு பேர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் என்னை இதை எழுத வைத்தது. இளைஞர் சொன்னதை அறியாமை என்று விட்டுவிடலாம். பத்து வருடம், பதினைந்து வருடம் நிரல் எழுதியவர்கள் தலையாட்டியதை அப்படி விட முடியாது.

அந்த ஆறு பேருக்கும் கனகாவின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஓர் உறுப்பினர் பட்டியல் இருந்தது. முந்நூறு சொச்சம் பெயர், எல்லாம் தமிழில், ஒன்றுகூட இரட்டிக்காது. போஸ்ட்கிரெஸ் அதைப் பெயர் வரிசைப்படி கொடுக்கும். எங்கள் ஹாஸ்கெல் நிரல் அதை வாங்கி ஒரு மேப்பாகக் கட்டிக்கொள்ளும். அதன்பிறகு பெயரைக் கொடுத்தால் ஆளைத் தேடித் தரும். ஹாஸ்கெலின் மேப் நூலகத்தில், ஏற்கெனவே வரிசையாக இருக்கும் பட்டியலை அப்படியே மேப்பாக்க ஒரு ஃபங்ஷன் உண்டு. வேகமானது. பட்டியல் உண்மையிலேயே வரிசையில் இருக்கிறதா என்று அது சரிபார்க்காது. சரிபார்க்காது என்று அதன் விளக்கக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. டேட்டாபேஸ்தான் வரிசைப்படுத்தித் தருகிறதே என்று நாங்கள் அதைப் பயன்படுத்தினோம்.

கம்பைலர் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. சோதனைகள் எல்லாம் பச்சை. குயிக்செக் என்ற சோதனைக் கருவி வழக்கப்படி நூறு நூறு பட்டியல்களைத் தானாகவே உண்டாக்கிப் போட்டுப் பார்த்தது, அதுவும் பச்சை. நிரல் பயனர்களிடம் போனது. மறுநாள் ஒரு புகார். கமலா கிடைக்கிறார், கனகா கிடைக்கவில்லை. டேட்டாபேஸில் கனகா இருக்கிறார். திரையில் வரும் பட்டியலிலும் இருக்கிறார். தேடினால் மட்டும் இல்லை. (உண்மைப் பெயர்கள் வேறு. சிக்கல் இதே மகர னகரச் சிக்கல்தான்.)

காரணம் தமிழ் படித்த எவருக்கும் விளங்கும். நம் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து. எழுத்து அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிகிறது என்பது தொல்காப்பியத்தின் முதல் நூற்பா சொல்லும் செய்தி. ஆகவே அகராதியில் கமலா முன்னால் வருவார், கனகா பின்னால் வருவார். தமிழ் வரிசை அமைத்திருந்த எங்கள் போஸ்ட்கிரெஸ் அப்படித்தான் சரியாகக் கொடுத்தது. யூனிகோடில் கதை வேறு. 1988ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்திய எழுத்துக் குறியீட்டுத் தரத்தை ஒட்டி, தேவநாகரி அடுக்கைப் பார்த்துத் தமிழுக்கும் இடம் ஒதுக்கினார்கள். அதனால் ன அங்கே நகரத்துக்கு அடுத்து, மகரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஹாஸ்கெல் இந்த யூனிகோடு எண்களை வைத்துத்தான் ஒப்பிடும். அதன் கண்ணுக்குக் கனகா முன்னால், கமலா பின்னால். போஸ்ட்கிரெஸ் சொன்ன வரிசையை நம்பி மேப்புக்குள் கட்டிய தேடல் மரத்தில், ஹாஸ்கெல் தன் வரிசைப்படி இறங்கித் தேடினால் தவறான கிளைக்குப் போகும். கமலா, கனகா என்று இரண்டே பேர் உள்ள பட்டியலைக் கொடுத்துப் பாருங்கள். அதிலும் ஒருவர் காணாமல் போவார்.

சோதனைகள் இதை ஏன் பிடிக்கவில்லை? சோதனையில் போஸ்ட்கிரெஸ் இல்லை. எங்கள் கையாலேயே, நினைவகத்தில் ஒரு மேப்பை வைத்து, டேட்டாபேஸ் மாதிரி நடிக்கிற ஒன்றைச் செய்து வைத்திருந்தோம். அதுவும் ஹாஸ்கெல் வரிசையில்தான் பெயர்களைத் தரும். எங்கள் தப்பெண்ணத்தை நாங்களே டேட்டாபேஸாகச் செய்து, அதனிடமே சரியா என்று கேட்டோம். சரி என்றது. வேறென்ன சொல்லும்?

நிஜ போஸ்ட்கிரெஸ்ஸை ஒரே ஒரு தடவை கண்டெய்னரில் எழுப்பி, கமலாவையும் கனகாவையும் உள்ளே போட்டு வெளியே எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களைக் கேட்கிறேன். அந்த ஃபங்ஷனின் டைப் என்ன சொல்கிறது? பட்டியல் உள்ளே, மேப் வெளியே என்கிறது. யாருடைய வரிசையில் வந்த பட்டியல் என்று சொல்கிறதா? சொல்லவில்லை. டைப் உங்கள் நிரலுக்குள் நடப்பதைப் பற்றிய வாக்குறுதி. போஸ்ட்கிரெஸ் உங்கள் நிரலுக்குள் இல்லை. அது சி மொழியில் எழுதப்பட்ட வேறொரு நிரல். அதற்கென்று விதிகள் இருக்கின்றன. உங்கள் கம்பைலர் அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்கெலின் யூடிசிடைம் ஒரு விநாடியைப் பன்னிரண்டு தசம இடங்கள் வரை பிடித்து வைக்கும். போஸ்ட்கிரெஸ் ஆறு இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். லினக்ஸ் கடிகாரம் ஒன்பது இடம் தருகிறது. எழுதிய நேரத்தைத் திரும்பப் படித்து இரண்டும் சமமா என்று கேட்டால், இல்லை என்றே பெரும்பாலும் பதில் வரும். இரண்டு பக்கமும் டைப் ஒன்றுதான். வெறுமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்கெலில் நத்திங்கும் நத்திங்கும் சமம். எஸ்கியூஎல்லில் நல்லும் நல்லும் சமமா என்று கேட்டால் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. மின்னஞ்சலைச் சாவியாகக் கொண்ட உங்கள் போலி மேப்பில், மின்னஞ்சல் இல்லாத இரண்டாவது ஆளுக்குத் தனி இடம் இராது. ஒரே மின்னஞ்சல் இருமுறை வரக்கூடாது என்று விதித்த போஸ்ட்கிரெஸ் வழக்கமாக அவரை ஏற்றுக்கொள்ளும். இங்கும் டைப் சரி, கம்பைல் சரி. கனகாவைக் காணோம்.

உடனே அடுத்த பதில் வரும்: “உள்ளே உள்ளது தூய ஃபங்ஷன், வெளியுலகத் தொடர்பெல்லாம் ஓரத்தில் மெல்லிய விளிம்பு, விளிம்பில் பிழை வர என்ன இருக்கிறது?” அந்த விளிம்பில்தான் கனகா தொலைந்தார். கணித நிரூபணத்தோடு எழுதப்பட்ட மூன்று பகிர்வு அமைப்புகளை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பதினாறு பிழைகள் கண்டார்கள். நிரூபிக்கப்பட்ட நெறிமுறையில் ஒன்றுகூட இல்லை. நிரூபித்த பகுதி தன்னைச் சுற்றியுள்ளவற்றைப் பற்றி நம்பிக்கொண்டிருந்த அனுமானங்களில்தான் பிழை இருந்தது. நிரூபணம் எழுதியவர்களுக்கே அந்த நிலை. நாம் கம்பைல் ஆனதைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

குயிக்செக்கைக் காட்டி வாதாடுகிறவர்கள் அதை உருவாக்கியவர்கள் பின்னால் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் அதை வெளியிட்டார்கள். தூய ஃபங்ஷன்களோடு ஹியூஸ் நின்றுவிடவில்லை. எர்லாங் மொழியோடு வரும் டெட்ஸ் என்ற சேமிப்பையே ஓடவைத்து, ஒரே நேரத்தில் பல கட்டளைகள் வரும்போது அது தடுமாறுவதைப் பிடித்துக் காட்டினார். அவர் நிஜத்தைச் சோதித்தார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நாம் நிழலைச் சோதிக்கிறோம்.

மெதுவாக ஓடுகிறதாம். எவ்வளவு மெதுவாக? போஸ்ட்கிரெஸ் கண்டெய்னர் எழுந்து நிற்கச் சில விநாடிகள் போதும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கண்டெய்னரை எழுப்பிக் கொன்றுகொண்டிருந்தால் மெதுவாகத்தான் இருக்கும். ஒருமுறை எழுப்பி, எல்லாச் சோதனைக்கும் பகிர்ந்து, கடைசியில் மூடுங்கள். இதை ஃபங்ஷனல் மொழிகளைப் போல அழகாகச் செய்ய வேறு எவற்றாலும் முடியாது. ஹாஸ்கெலில் பிராக்கெட் இருக்கிறது, ஸ்காலாவின் கேட்ஸ் எஃபெக்ட்டில் ரிசோர்ஸ் இருக்கிறது. திறந்தது நிச்சயம் மூடப்படும் என்பதை இவ்வளவு சுத்தமாகச் சொல்லும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, நமக்கு அது தேவையில்லை என்கிறோம். ஸ்காலாவின் டூபி நூலகம், எஸ்கியூஎல் வினவலின் டைப் சரியா என்பதை ஓடுகிற டேட்டாபேஸிடமே கேட்டுச் சரிபார்க்க வழி வைத்திருக்கிறது. ஃபங்ஷனல் உலகத்தின் நல்ல தச்சர்களுக்கு இது தெரியும். நம் கூட்டங்களில் தலையாட்டுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

“எங்கள் கண்டெய்னர் சோதனை ஒருநாள் ஓடும், ஒருநாள் விழும்” என்கிறார்கள். போஸ்ட்கிரெஸ்ஸின் டாக்கர் இமேஜ் முதன்முறை எழும்போது, அமைப்பு வேலைகளுக்காகத் தற்காலிகமாக ஒரு சர்வரைத் தொடங்கி, நிறுத்தி, பிறகுதான் உண்மையாகத் தொடங்கும். ‘இணைப்புகளை ஏற்கத் தயார்’ என்ற செய்தி பதிவேட்டில் இரண்டு முறை வரும். முதல் செய்தியைப் பார்த்ததும் பாய்ந்து போய் இணைகிறவனின் இணைப்பு அறுந்துபோகும். டெஸ்ட்கண்டெய்னர்ஸ் நூலகம் இரண்டாவது செய்திக்காகக் காத்திருக்கும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தைத் தராமல் சோதனையையே தூக்கி எறிகிறார்கள்.

பாதி வழி வருகிறவர்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸுக்குப் பதிலாக எஸ்கியூலைட்டை வைத்துச் சோதிக்கிறார்கள். எண்ணுக்கென்று ஒதுக்கிய இடத்தில் எழுத்தைப் போட்டாலும் அது வழக்கமாக வாங்கி வைத்துக்கொள்ளும். கண்டிப்பான அட்டவணை என்ற வசதியே அதில் 2021இல்தான் வந்தது. இன்னும் சிலர் கண்டெய்னர் வைப்பார்கள். சிறியது என்பதற்காக ஆல்பைன் இமேஜை எடுப்பார்கள். பயனர்களுக்கு ஓடுவதோ டெபியன். ஆல்பைனின் மசல் நூலகத்துக்கு மொழிவாரி வரிசை தெரியாது. ஐசியூ என்ற வேறொரு நூலகத்தின் வரிசையைத் தனியாகக் கேட்டு வாங்காவிட்டால் வெறும் பைட்டுகளை ஒப்பிட்டுக் கனகாவை முன்னால் நிறுத்தும். சோதனையில் ஒரு வரிசை, நிஜத்தில் ஒரு வரிசை. பதிப்பு எண்ணைக் குறிக்காமல் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதுகிறவர்களுக்கு எதைச் சோதிக்கிறோம் என்பதே தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழர்கள் எழுதி, தமிழர்கள் பயன்படுத்துகிற நிரலில்கூட, சோதனைத் தரவைத் திறந்தால் ஆலிஸும் பாபும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை வைத்து ஆயிரம் கண்டெய்னர் எழுப்பினாலும் கனகா கிடைக்கமாட்டார். நேர்காணலில் மோனட் என்றால் என்ன என்று கேட்கிறோம். டேட்டாபேஸ் தமிழ்ப் பெயர்களை எப்படி அடுக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஏட்டுச் சுரைக்காயைப் பார்த்துப் பார்த்து வேலைக்கு எடுக்கிறோம். கறிக்கு உதவவில்லை என்று பிறகு வருந்துகிறோம்.

ஹாஸ்கெல்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. வேறு எதிலும் எழுத எனக்கு விருப்பமும் இல்லை. அதனால்தான் அதன் பெயரில் பரப்பப்படும் இந்தச் சோம்பலைப் பொறுக்க முடியவில்லை.

அந்த முன்மொழிவுக்கு நான் ஒப்புதல் தரவில்லை. உங்கள் மேசைக்கும் இப்படி ஒன்று வரும். தலையாட்டாதீர்கள். உங்கள் பயனர்களிடம் ஓடும் அதே பதிப்பு போஸ்ட்கிரெஸ்ஸைக் கண்டெய்னரில் எழுப்புங்கள். கமலாவையும் கனகாவையும் உள்ளே போடுங்கள். இரண்டு பேரும் திரும்பி வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.