ஸ்விட்ச் யார் கையில்?

பரவை என்றால் சினிமா ரசிகர்களுக்கு முனியம்மா. மதுரையில் ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு காய்கறி மார்க்கெட். அந்த மார்க்கெட்டில் எம்.பி.ஏ. படிக்காமலேயே ஒரு தத்துவம் புழங்குகிறது. இதுவரை அங்கே யாரும் விற்காத புதுக் காய் ஒன்று வந்து இறங்குகிறது என்று வையுங்கள்.

"அண்ணே, இது ஓடுமா?"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்? ரெண்டு பெட்டி போட்டுப் பாப்போம் தம்பி. ஓடுனா நாளைக்கு லோடு எறக்கிருவோம். ஓடலேன்னா ரெண்டு பெட்டியோட போச்சு."

இதையே டை கட்டிக்கொண்டு ஏ.ஸி. ரூமில் இங்கிலீஷில் சொன்னால் 'எக்ஸ்பெரிமெண்டேஷன்'. இண்டர்நெட்டில் கடை போட்டிருக்கும் பெரிய கம்பெனிகள் இதற்கென்று தனி ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுக்கின்றன.

உங்களில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு இண்டர்நெட்டில் சுங்குடிப் புடவை விற்கிறார். (விட வேண்டாம், ஒரு பேச்சுக்கு.) 'வாங்கு' என்கிற பட்டன் நீலத்தில் இருக்கிறது. "பச்சையா மாத்து மாப்ளே, ராசியான கலரு" என்கிறார் பார்ட்னர். மாற்றியதும் வியாபாரம் எகிறுகிறது. பார்ட்னர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார். காலண்டரைப் பார்த்தால் ஆடி மாசம்! தள்ளுபடிக்கு வந்த கூட்டத்தைப் பச்சை கலர் தன் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டது.

அதனால்தான் இரண்டையும் ஒரே சமயத்தில் காட்டிப் பார்க்கிறார்கள். வருகிறவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி கம்ப்யூட்டர் இரண்டு கோஷ்டியாகப் பிரிக்கும். ஒரு கோஷ்டிக்கு நீலம், மற்றதற்குப் பச்சை. ஆடி இருவருக்கும் பொது. சம்பளத் தேதி பொது. மழை பொது. வித்தியாசம் பட்டன் மட்டும். இதற்கு ஏ-பி டெஸ்ட் என்று பெயர்.

இதில் ஒரு பி.காம். எச்சரிக்கை உண்டு. நீலத்தில் 100 பேர் வந்து 2 பேர் வாங்கினார்கள், பச்சையில் 100 பேர் வந்து 3 பேர் வாங்கினார்கள் என்றால், "50 சதவிகிதம் வளர்ச்சி ஸார்!" என்று மீட்டிங்கில் சொல்ல ஓர் ஆள் கட்டாயம் இருப்பார். அந்த மூன்றாவது ஆசாமி பார்ட்னரின் மச்சானாக இருக்கலாம். இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் நிஜமா என்று தெரிய ஆயிரக்கணக்கில் ஆள் வந்தாக வேண்டும். அவ்வளவு கூட்டம் வராத சின்னக் கடைக்காரர் பட்டன் கலரோடு மல்லுக்கட்டாமல், 'டெலிவரி இலவசம் என்றால் என்ன ஆகும்?' மாதிரி பெரிய விஷயங்களைச் சோதிப்பது உத்தமம்.

சோதனைக்கு ஒரு ஆயுதம் வேண்டுமே? அதுதான் ஃபீச்சர் ஃப்ளாக். தமிழில் ஸ்விட்ச். புது வசதியைப் புரோகிராமில் எழுதிச் சேர்த்துவிடுவார்கள். ஆனால் அணைத்து வைத்திருப்பார்கள். முதலில் ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் 'ஆன்'. பிறகு நூற்றில் ஒருவருக்கு. பிறகு 5, 20, 50 என்று ஏற்றுவார்கள். நடுவில் பணம் கட்டும் பக்கம் மயக்கம் போட்டு விழுந்தால், ஸ்விட்சைத் தட்டினால் போதும். அடுத்த நிமிஷம் பழைய கடை திரும்பிவிடும். இரண்டு பெட்டியோடு போச்சு!

இரண்டு பெட்டி போடாமல் நேராக லோடு இறக்கியவர்களும் உண்டு. துணிமணி விற்கும் பெங்களூர் மிந்த்ராவை 2014-ல் ஃப்ளிப்கார்ட் வாங்கியது. 2015 மே 15-ம் தேதி மிந்த்ரா தன் வெப்சைட்டை இழுத்து மூடிவிட்டு, 'இனி மொபைல் ஆப் மட்டும்தான்' என்றது. அவர்கள் விற்பனையில் சுமார் 70 சதவிகிதம் ஆப் வழியாக வந்துகொண்டிருந்ததாம். சரி, மிச்சம் 30? அது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டரில், மேனேஜர் வருகிறாரா என்று ஒரு கண் வைத்துக்கொண்டு சட்டை பார்க்கிற ஆசாமி. அதாவது நீங்கள்! நூற்றில் ஐந்து பேருக்கு மட்டும் ஒரு மாசம் கதவை மூடிப் பார்த்திருந்தால், அவர்கள் ஆப்பை இறக்கிக்கொள்கிறார்களா, எதிர்க்கடைக்குப் போகிறார்களா என்று தெரிந்திருக்கும். ஒரே நாளில் எல்லோருக்கும் மூடினார்கள். 2016 ஜூன் 1-ம் தேதி கம்ப்யூட்டர்காரர்களுக்காக மறுபடி ஷட்டரைத் தூக்கினார்கள். இடையில் ஒரு வருஷம் போயே போச்சு.

டெஸ்டின் இன்னொரு லாபம், அது பதவி பார்க்காது. அமேஸானின் ஆரம்ப காலத்தில் கிரெக் லிண்டன் என்ற புரோகிராமருக்கு ஒரு யோசனை. கூடையில் சாமான் போட்டதும், 'இதோடு இதுவும் வேண்டுமா?' என்று கேட்டால் என்ன? நம் பெட்டிக் கடையில் பல நூற்றாண்டாகக் கேட்பதுதான். ஆனால் மார்க்கெட்டிங் பெரியவர் ஒருவர், 'பில் போட வருகிறவனின் கவனம் கலையும். இந்த வேலையை நிறுத்து' என்று உத்தரவு போட்டார். லிண்டன் நிறுத்தவில்லை. டெஸ்ட் வைத்தார். பெரியவருக்குக் கோபமான கோபம். ஆனால் ரிசல்ட்டில், அந்த வசதி இல்லாமல் இருப்பதுதான் நஷ்டம் என்று வந்தது. அதற்குப் பிறகு பெரியவர் என்ன பேச முடியும்? நம்மூர் ஆபீஸில் இதே காரியத்தைச் செய்வதற்கு முன், டிரான்ஸ்பர் எந்த ஊருக்கு வரும் என்று விசாரித்துவிட்டுச் செய்யவும்.

ஸ்விட்ச் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. பழைய ஸ்விட்சைக் கழற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, சில்லறை வியாபாரம் இல்லை என்றாலும், அமெரிக்க ஷேர் மார்க்கெட்டில் ஒரு சாட்சி இருக்கிறது. நைட் கேபிடல் என்ற கம்பெனி, 2003-லிருந்தே உபயோகிக்காத ஒரு பழைய புரோகிராமின் ஸ்விட்சை எடுத்துப் புது வேலைக்கு மாட்டியது. மொத்தம் எட்டு சர்வர். ஏழில் புது புரோகிராமை ஏற்றிவிட்டார்கள். எட்டாவது விட்டுப் போயிற்று. 2012 ஆகஸ்ட் 1-ம் தேதி காலை ஸ்விட்ச் 'ஆன்' ஆனதும், எட்டாவது சர்வரில் தூங்கிக்கொண்டிருந்த பழைய பூதம் எழுந்து, கண் மண் தெரியாமல் ஷேர்களை வாங்கி விற்க ஆரம்பித்தது. 45 நிமிஷத்தில் நஷ்டம் 46 கோடி டாலர். அன்றைய கணக்கில் சுமார் 2,500 கோடி ரூபாய்! அடுத்த வருஷமே இன்னொரு கம்பெனியோடு சேரும்படி ஆயிற்று. ஸ்விட்ச் போடுகிறவன், கழற்றும் தேதியையும் சேர்த்து எழுதி வைக்கவேண்டும்.

கடைசியாக, இந்த விளையாட்டில் எலி யார்? நாம்தான் ஸார். 2000-ல் அமேஸான் ஒரே டி.வி.டி.யை ஆளுக்கு ஒரு விலையில் காட்டிப் பார்த்தது. வாடிக்கையாளர்கள் ஒருத்தரை ஒருத்தர் விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். அது தவறு என்று ஜெஃப் பெஸோஸ் ஒப்புக்கொண்டார். 6,896 பேருக்கு, சராசரியாக 3 டாலர் 10 சென்ட் திருப்பிக் கொடுத்தார்கள். காய்கறிக் கடையில் ஆள் பார்த்து விலை சொன்னால் பக்கத்தில் நிற்கிற அக்கா, "எனக்கு நாப்பதுன்னு தந்துட்டு அவருக்கு அறுவதா?" என்று மானத்தை வாங்கிவிடுவார். போன் திரைக்குப் பக்கத்தில் அந்த அக்கா இல்லையே!

'இன்னும் இரண்டுதான் பாக்கி, சீக்கிரம்!' என்று பொய்யாக மிரட்டினால் விற்பனை ஏறும் என்று டெஸ்ட் சொல்லலாம். கேட்காத சாமானைக் கூடையில் நைசாகப் போட்டாலும் ஏறும். எது விற்கும் என்பதுதான் டெஸ்டுக்குத் தெரியும். எது நியாயம் என்று அதைக் கேட்டால் திருதிருவென்று முழிக்கும். நம் நாட்டில் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 தகிடுதத்தங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறது. பொய் அவசரமும் கள்ளக் கூடையும் அதில் உண்டு.

ஆகவே, அடுத்த தடவை இரண்டு செருப்பு ஆர்டர் செய்து, பில்லில் மூன்றாவதாக ஒரு இன்ஷூரன்ஸ் வந்து உட்கார்ந்திருந்தால், மனைவியிடம் "நீ போட்டியா?" என்று ஆரம்பிக்காதீர்கள். திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1915-க்கு போன் போடுங்கள். அது நுகர்வோர் உதவி எண். வீட்டில் சமாதானமும் மிஞ்சும்.