இல்லத்தில் மருந்தூட்டுவோர்

மருத்துவமென்பது வைத்தியரும் மருந்தும் மாத்திரம் கூடி முடிக்கும் காரியமென்று பலர் எண்ணுகின்றனர். திருவள்ளுவரோ, ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து மருந்தூட்டும் உழைச்செல்வான் என அதனை நான்கு கூறாக வகுத்தனர். இவற்றுள் முதல் மூன்றனைக் குறித்தும் நம்மவர் பெரிதும் கவலை கொள்ளுகின்றனர். நல்ல வைத்தியரைத் தேடி நெடுந்தூரம் செல்வர். கடன்பட்டும் விலையுயர்ந்த மருந்தை வாங்குவர். நான்காமவரைக் குறித்து வினவுவார் மிகச் சிலரே. அவரைப் பற்றியே இங்குச் சில கூற விரும்புகின்றோம்.

இக்காலத்தில் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் முதலியன ஒருவரோடு ஆண்டுக்கணக்காய் உடன் வாழ்வன. ஆதலின் வீடே மருத்துவசாலையாயிற்று. நம் மாநில அரசினர் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை நோயாளர் இல்லத்திற்கே அனுப்பத் தலைப்பட்டனர். மருந்து வாயில்வரை வந்துவிட்டது. ஆயினும் வாயிலிலிருந்து நோயாளியின் வாய்வரை உள்ள சிறு தூரத்தில் அபாயம் பல உள. உலக சுகாதார நிறுவனமும் 2017-ஆம் ஆண்டு, மருந்துப் பிழைகளால் நேரும் தவிர்க்கத்தக்க கொடுந்தீங்குகளை ஐந்தாண்டில் பாதியாகக் குறைத்தல் வேண்டுமென்று ஓர் இயக்கம் தொடங்கியது. இத்தீங்கு எல்லா நாட்டிற்கும் பொதுவென்பது இதனாற் புலனாம்.

அப்பிழைகள் எத்தகையன? ஒரே மருந்து பல வணிகப் பெயர்களோடு விற்கப்படுகின்றது. காய்ச்சலுக்கென்று ஒரு பாரசிட்டமால் மாத்திரையும், சளிக்கென்று வேறொரு மாத்திரையும் கொடுக்கின்றனர். பின்னதனுள்ளும் பாரசிட்டமால் அடங்கியிருத்தலை அறியார். வளர்ந்தவர்க்கும் ஒரு நாளைக்கு அதன் மேலெல்லை 4,000 மில்லிகிராம். முதியோர்க்கும் மெலிந்தோர்க்கும் இன்னும் குறைவாகவே வைத்தியர் விதிப்பர். எல்லை கடப்பின் ஈரல் கெடும். மூட்டுவாதத்திற்கு வாரம் ஒருமுறை மாத்திரம் கொடுக்கற்பாலதாகிய மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தை, மறதியால் நாடோறும் கொடுத்தமையால் உயிர்ச்சேதம் நேர்ந்ததும் உண்டு. இன்சுலின் புட்டிகளுள் மில்லிலிட்டருக்கு 40 அலகு உடையனவும், 100 அலகு உடையனவும் உள. நாற்பதிற்குரிய ஊசிக்குழலால் நூற்றின் மருந்தை அளந்தேற்றினால் நோயாளி இரண்டரை மடங்கு பெறுவர். மெல்ல மெல்லக் கரையுமாறு செய்யப்பட்ட மாத்திரைகளை, விழுங்குதற்கு எளிதாகுமென்று பொடிசெய்து கொடுத்தால், நாள் முழுவதற்கும் உரிய மருந்து ஒருங்கே உடலிற் பாயும்.

இவையெல்லாம் அன்பின்மையால் நேர்வன அல்ல. காரணங்கள் வேறு. மாத்திரை அட்டைகளிலுள்ள எழுத்து மிகச் சிறியது. மொழியோ பெரும்பாலும் ஆங்கிலம். ஆங்கிலமறியாத நம் பாட்டிமார் ‘காலையில் வெள்ளை, இரவில் மஞ்சள்’ என்று நிறத்தால் நினைவு வைக்கின்றனர். அடுத்த மாதம் வேறொரு கம்பெனியார் செய்த அதே மருந்து வேறு நிறத்தில் வருமாயின் அந்நினைவு பயன்படாது. கடைக்காரர் அட்டையைத் துண்டித்துக் கொடுக்கும்போது பெயரும் காலாவதி நாளும் மற்றைத் துண்டிலேயே தங்கிவிடுதலும் உண்டு. இந்திய மருத்துவக் கழகம் 2016-ஆம் ஆண்டு, மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும், இயன்றவரை பெரிய எழுத்திலும் எழுதுக என்று வைத்தியர்க்கு விதித்தது. நல்விதியே, ஆயினும் தமிழ் மாத்திரம் அறிந்த உழைச்செல்வார்க்கு அதனாற் பயன் என்னை?

இனி, முதியோரைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு அமர்த்தப்படும் பெண்களின் நிலையை நோக்குவோம். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பல இல்லங்களில் மருந்தூட்டும் பொறுப்பு இவர்கள்மேலேயே நிற்கின்றது. இவர்களுக்கு நாம் கொடுப்பது ஒரு பை நிறைய மாத்திரையும், வாய்ச்சொல்லாற் சில கட்டளைகளுமேயாம். பிழை நேரின் பழி மாத்திரம் அவர்களைச் சாரும். எழுதித் தராது ஏவிவிட்டு, தவறியபின் ஏசுதல் நியாயமன்று என்பது எம் துணிபு. அவர் செய்யத்தக்கன இவை: நினைவூட்டல், எடுத்துக் கொடுத்தல், நிமிர்ந்து உட்காரச் செய்து போதிய நீருடன் விழுங்குவித்தல், மாறுதல் காணின் உடனே அறிவித்தல். அளவைக் கூட்டலும் குறைத்தலும் நிறுத்தலும் அவர் பொறுப்பல்ல, வைத்தியர் பொறுப்பு.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. ஒரு தாளே போதும். ஒவ்வொரு மருந்தின் பெயரும், எந்நோய்க்கென்பதும், எவ்வளவு, எப்பொழுது, உணவுக்கு முன்னோ பின்னோ என்பதும், விதித்த வைத்தியர் பெயரும் நாளும், நல்ல தமிழில் பெரிய எழுத்தால் எழுதப்படுக. விழுங்கியதைக் கண்ட பின்னரே அடையாளமிடுக. வேளை தவறிற்றாயின் அடுத்த வேளையில் இரட்டித்துக் கொடாது வைத்தியரைக் கேட்க. நீர்மருந்தை அடுக்களைக் கரண்டியால் அளவாது புட்டியோடு வந்த அளவுகலத்தால் அளக்க. வைத்தியரிடம் செல்லுங்கால், நாட்டு மருந்து உட்பட வீட்டிலுள்ள அனைத்தையும் தாளோடு எடுத்துச் செல்க. நீரிழிவு மருந்துண்பவர் திடீரென வியர்த்து, நடுங்கி, மனம் தடுமாறுவராயின், சர்க்கரை குறைந்ததெனக் கருதி, விழுங்கும் நினைவுள்ளபோதே சர்க்கரைநீர் அருந்தச் செய்க. நினைவிழந்தவர் வாயில் ஒன்றும் இடாது 108-ஐ அழைக்க.

“அன்புடையார் செய்யும் பணிக்குக் கணக்கெழுதுதல் வேண்டுமோ?” என்று சிலர் வினவக்கூடும். வேண்டுமென்றே கூறுவோம். மருமகள் கொடுத்துச் சென்றதை அறியாது, மாலையில் வந்த மகனும் அதே மாத்திரையைக் கொடுத்தலுண்டு. இருவர் அன்பும் மெய்யே. தாளில் ஓர் அடையாளம் இல்லாமையால் அவ்வன்பே தீங்காய் முடிகின்றது. மற்றொன்று: நோயாளி அறிவு தெளிந்தவராயின் அத்தாள் அவர் கைக்கே உரியது. தாமே உண்ண வல்லாரைக் குழந்தைபோல் நடத்துதலும், அவர் மறுத்த மருந்தைச் சோற்றில் மறைத்து ஊட்டுதலும் தகா. ஏன் மறுக்கின்றனரென்று கேட்டால், வயிற்றெரிவோ மயக்கமோ வெளிப்படும். அது வைத்தியர் அறியவேண்டிய செய்தியாகும்.

மருத்துவசாலையார் நோயாளியை வீட்டிற்கு அனுப்புங்கால் உழைச்செல்வாரையும் அருகழைத்து, தமிழில் எழுதிக் கொடுத்து, அவர் அறிந்துகொண்டனரா என்று திரும்பக் கேட்டறிதல் வேண்டும். அது வழக்கமாகும்வரை அக்கடமை ஆங்கிலமும் தமிழும் கற்ற நம் மாணவரைச் சார்ந்தது. நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பரீட்சைக்காக எழுதும் கை, தன் பாட்டிக்காக ஒரு பக்கம் எழுதலாகாதா? வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் இல்லத்தார்க்கும், எழுதப் படிக்க அறியாத அண்டை வீட்டார்க்கும் இத்தகைய தாளொன்று எழுதி, கடைக்காரரிடமோ செவிலியரிடமோ காட்டிச் சரிபார்த்து, மருந்துப் பெட்டியின் மேல் ஒட்டி வருவாராக. அரைமணி நேர உழைப்பில் ஓருயிர் காக்கப்படுமாயின், அதனினும் சிறந்த விடுமுறைப் பணி யாதென்று யாம் அறியோம்.