விலாசம் இல்லாத லயத்துக்கு வந்த மருந்து

அண்மையில் ஒரு தாயுடன் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குக் கிளினிக் நாளில் போயிருந்தேன். வாங்கில் காத்திருந்தபோது அவர், "மிஸ், கொரோனா காலத்துல நாம இங்க வராமலே மருந்து நம்மளத் தேடி வந்திச்சே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். மறக்க முடியுமா? அந்த மருந்து வந்து சேர்ந்த கதையைத்தான் இம்மாதம் எழுதுகிறேன்.

மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்ட மக்களுக்கு இந்த வைத்தியசாலை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இங்கு வாழ்பவர்கள்தான் அறிவார்கள். இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு கட்டப்பட்ட இதன் புதிய கட்டடத்தை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். பெரிய நகரங்களின் கணக்கில் 150 கட்டில் சிறியதுதான். ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுக்கும் பனடோலுக்கும் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கும் நடுவே நமக்கென்று ஒன்று இருப்பது சின்ன விஷயமா?

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது, கடை பூட்டப்பட்டது. கொழுந்து பறிப்பது மட்டும் நிற்கவில்லை. தேயிலை நாட்டுக்கு வேண்டும் என்று அனுமதி கொடுத்தார்கள். மலைக்குப் போகலாம், மருந்துக்குப் போக வழியில்லை. பிரஷர், சீனி வருத்தக்காரர் எத்தனை பேர் நம் லயங்களில்! கையிலிருந்த குளிசையைப் பாதியாக உடைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டவர்களை நானே கண்டேன். பிரஷர் குளிசையை அப்படி நிறுத்தினால் பக்கவாதம் வரலாம் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. இருப்பதை நீட்டிக்கத்தான் அப்படிச் செய்தார்கள்.

அப்போதுதான் கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டை அரசாங்கம் கொண்டு வந்தது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தபாலுக்கு விலாசம் வேண்டுமே! பட்டணத்தில் வீட்டு இலக்கம் உண்டு, வீதிப் பெயர் உண்டு. தோட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது? தோட்டத்தின் பெயர், டிவிஷன், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கடிதமெல்லாம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டு வந்தால் உண்டு. வங்கிக் கடிதமும், பிள்ளையின் நேர்முகப் பரீட்சை அழைப்பும் திகதி பிந்திக் கிடைத்து அழுத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நான் போய்வரும் ஒரு தோட்டத்தில் மருந்துப் பொதிகள் ஐந்து நாட்கள் மேசையிலேயே கிடந்தன. யாருக்கு என்று காரியாலயத்தில் எவருக்கும் தெரியவில்லை. ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

நாங்கள் பிள்ளைக் காம்பிராவில் கூடினோம். கூட்டம் என்று சொல்லக்கூடாது, ஆறு பெண்கள், முகக்கவசத்துடன், எட்ட எட்ட நின்றோம். கிளினிக் கொப்பிகளைச் சேர்த்து ஒரு பட்டியல் எழுதினோம். பெயர், தகப்பன் பெயர், கிளினிக் இலக்கம், எந்த லயம், எத்தனையாவது காம்பிரா, பக்கத்தில் யாரிடம் போன் இருக்கிறது. அதில் ஒரு பிரதி வைத்தியசாலைக்கும், ஒன்று தபாலகத்துக்கும், ஒன்று தோட்டக் காரியாலயத்துக்கும் போனது. அதன்பின் பொதிகள் நேரே பிள்ளைக் காம்பிராவுக்கு வந்தன.

முதல் வாரமே ஒரு தவறு செய்தோம். தவறு எங்களுடையதுதான். ஒரே பெயருள்ள இரண்டு அம்மாமாரின் பொதிகளை மாற்றிக் கொடுத்துவிட்டோம். "நான் போடுறது சின்னக் குளிசை, இது பெரிசா இருக்கே" என்று அந்த அம்மா இரவே ஆளனுப்பினார். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் தன் குளிசையைக் கண்ணால் அறிந்திருந்தார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் தொடக்கம் கொப்பியும் அடையாள அட்டை இலக்கமும் பார்க்காமல் எதையும் கொடுப்பதில்லை. வேளை விபரம் ஆங்கிலத்தில் இருந்ததால், பிள்ளைக் காம்பிராத் தங்கச்சி கொப்பியுடன் ஒப்பிட்டு, உறையின் மேல் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்தாள். மதியத்துக்கு என்ன போடுவது என்று யோசித்து, சோற்றுக் கோப்பை ஒன்றை வரைந்தாள்!

ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து நோய் பரவி ஹட்டன் வரை வந்தபோது வேறு பிரச்சினை. தனிமைப்படுங்கள் என்றார்கள். 10க்கு 12 அடிக் காம்பிராவில், பொதுக் குழாயும் பொதுக் கக்கூசுமாக ஏழு பேர் வாழும் இடத்தில் யார் யாரை விட்டுத் தனிமைப்படுவது? குடும்பநல மாதரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் மழையில் ஏறி இறங்கினார்கள். கர்ப்பிணிகளை 1990 அம்பியுலன்ஸ் ஏற்றிச் சென்றது.

வைத்தியசாலைகளில் டாக்டரையும் மிஸ்மாரையும் எல்லோரும் புகழ்ந்தார்கள், புகழட்டும். கூட்டித் துடைத்து, நோயாளியின் துணி மாற்றிய சிற்றூழியப் பெண்களை யார் பேசினார்கள்? அவர்களில் பலர் நம் லயத்துப் பிள்ளைகள். அப்படி ஒருவர் இரவு வேலை முடிந்து வந்தபோது, குழாயடியில் வாளி வைக்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள் நம் பெண்களே. ஒரு மாதம் ஓடைத் தண்ணீரில் குளித்துவிட்டு மறுபடி வேலைக்குப் போனார். அவரைத் திருப்பி அனுப்பியவர்களில் ஒருத்தியின் தாய்க்கு மூச்சுத் திணறி வைத்தியசாலைக்குக் கொண்டு போனபோது, கட்டிலருகே நின்று தண்ணீர் பருக்கியது அதே பெண்தான். தாய் பிழைத்தார். இருவரும் இன்றும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் குழாயடியில் இப்போது தடை இல்லை.

கிளினிக் முடிந்து திரும்பும்போது அந்தத் தாய் தன் வீட்டுக் கதவைக் காட்டினார். அந்த வருடம் நாங்கள் வெண்கட்டியால் எழுதிவிட்டுப் போன இலக்கத்தை, மகன் நீலப் பெயின்டால் பெரிதாக எழுதியிருந்தான். பேரனின் பரீட்சை விண்ணப்பத்திலும் அதையே போட்டிருக்கிறார்களாம்.