லொள் லொள் எப்போ 'லொக் லொக்' ஆச்சு?

வீட்டுல பொமரேனியன், ஸ்பிட்ஸ், டேஷண்ட், ஷிட்சுனு குட்டி சைஸ் நாய் வளர்க்கிற மக்களே... கொஞ்சம் கையைத் தூக்குங்க! அதுல, 'எங்க வீட்டு நாய்க்கு எட்டு வயசு தாண்டிடுச்சு'னு சொல்றவங்க மட்டும் கையை இறக்காம அப்படியே வெச்சிருங்க. இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான்.

நம்மள்ல பல பேருக்கு ஒரே கதைதான். நாலாவது, அஞ்சாவது படிக்கும்போது அழுது அடம்பிடிச்சு ஒரு குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்போம். நாம ப்ளஸ் டூ முடிச்சு, கவுன்சலிங் போய், ஹாஸ்டல்ல பெட்டியை இறக்குற நேரத்துல அது தாத்தா ஆகியிருக்கும். லீவுக்குப் போனா வாசல் வரைக்கும் ஓடிவந்து தாவுற ஜீவன், ஒருநாள் பாதி வழியிலேயே நின்னு மூச்சு வாங்கும். ராத்திரியில 'லொக் லொக்'னு இருமும். 'வயசாச்சுல்ல, சளி பிடிச்சிருக்கும்'னு வீட்டுல சொல்லிடுவாங்க. சளியாவும் இருக்கலாம். ஆனா ஹார்ட்டாவும் இருக்கலாம் பாஸ்!

ஃபுட் வால்வ் லீக்!

மெக்கானிக்கல் ஸ்டூடன்ட்கிட்ட ஹார்ட்டைப் பத்திக் கேட்டா பம்ப் கதைதானே வரும்? கிணத்து மோட்டார்ல ஃபுட் வால்வ் இருக்கும் பாத்திருக்கீங்களா... மேல ஏறின தண்ணி திரும்பக் கீழே இறங்காம பிடிச்சு வைக்கிற ஐட்டம். அது லீக் ஆனா மோட்டார் என்னதான் கதறினாலும் டேங்க் நிறையாது. நாயோட இதயத்துல இடது பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல 'மைட்ரல் வால்வ்'னு ஒண்ணு இருக்கு. குட்டி ரக நாய்களுக்கு வயசாக ஆக இந்த வால்வ் தடிச்சு, முடிச்சு முடிச்சா ஆகி, சரியா மூடாமப் போகும். நாய்களுக்கு வர்ற இதய நோய்கள்ல நம்பர் ஒன் இதுதான்.

மூடாத வால்வ் வழியா ரத்தம் மேல் அறைக்கே ரிட்டர்ன் ஆகும். அந்த அறை பலூன் மாதிரி வீங்கும். இன்னும் முத்தினா பிரஷர் பின்னாடியே நுரையீரலுக்குப் போய், அங்கே நீர் கசிய ஆரம்பிக்கும். அப்போதான் நாய்க்கு மூச்சுத் திணறும்.

இதுல ஒரு குழப்பமும் இருக்கு. பொமரேனியன் மாதிரி நாய்களுக்கு மூச்சுக்குழாய் வளையங்கள் தளர்ந்துபோற பிரச்னையும் வரும். அப்போ வாத்து கத்துற மாதிரி ஒரு இருமல் வரும். அதனால வெறும் இருமலை வெச்சு, 'ஹார்ட்தான்'னு முடிவு கட்ட முடியாது. அப்புறம் எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது? அங்கதான் இருக்கு நம்ம மேட்டர்.

30-க்கு மேல போனா டேஞ்சர்!

நாய் நல்லாத் தூங்கும்போது பக்கத்துல உட்காருங்க. நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கினா ஒரு மூச்சு. மொபைல்ல ஸ்டாப் வாட்ச் போட்டு 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்குங்க. அவ்வளவுதான் கணக்கு. எம்-த்ரீ பேப்பரை விட ஈஸி! நிமிஷத்துக்கு 30-க்குள்ள இருந்தா பொதுவா ஓகே. திரும்பத் திரும்ப எண்ணியும் 30-ஐத் தாண்டுதுன்னா உடனே டாக்டருக்குப் போன். கனவு கண்டு காலை உதைக்கும்போதும், வெயில்ல நாக்கைத் தொங்கப் போட்டிருக்கும்போதும் எண்ணாதீங்க, கணக்கு தப்பா வரும்.

எங்க வீட்டு டைகருக்கு (பேருதான் டைகர், வெயிட் அஞ்சு கிலோ!) போன வருஷம் டாக்டர் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். நான் ஹாஸ்டல்ல இருக்கேன். எண்ணுற டியூட்டி அப்பாவுக்கு. 'நாயோட மூச்சை எண்ணுறதுக்கா ரிட்டையர் ஆனேன்'னு முதல் வாரம் அலுத்துக்கிட்டவர், பால் கணக்கு எழுதுற காலண்டர்லயே எழுத ஆரம்பிச்சார். 22, 24, 22... ஒருநாள் ராத்திரி 38. அன்னிக்கு டைகர் இருமவே இல்ல, சாப்பாடும் ஒழுங்கா சாப்பிட்டுச்சு. நம்பர் மட்டும்தான் சரியில்ல. அப்பா மறுபடி எண்ணினார். 40. அந்த நேரத்துலயே ஆட்டோ பிடிச்சு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினார். எக்ஸ்ரேயில நுரையீரல்ல நீர். ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வெச்சு, ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பினாங்க. 'காலையில பாத்துக்கலாம்னு விட்டிருந்தா கஷ்டம் சார்'னு டாக்டர் சொன்னதை அப்பா போன்ல சொன்னப்போ, அவர் குரல் உடைஞ்சு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாத்திரை மேட்டர்

டாக்டர் ஸ்டெதஸ்கோப் வெச்சா 'மர்மர்'னு ஒரு இரைச்சல் கேட்கும். மர்மர் இருந்தாலே மாத்திரைனு அர்த்தம் இல்ல. எக்ஸ்ரே, எக்கோ எடுத்து இதயம் பெருசாகி இருக்கானு பாப்பாங்க. பெருசாகாத வரைக்கும் கண்காணிச்சா போதும். பெருசாகி, ஆனா அறிகுறி எதுவும் வராத ஸ்டேஜ்ல 'பிமோபெண்டான்'ங்கிற மாத்திரையை ஆரம்பிச்சா, இதயச் செயலிழப்பு வர்றதை ஏறக்குறைய 15 மாசம் தள்ளிப்போடலாம்னு 2016-ல வெளியான 'எபிக்' ஆய்வு சொல்லுது. நாயோட ஆயுசுல 15 மாசம் சின்ன விஷயமா? அதனாலதான் அறிகுறி வர்ற வரைக்கும் காத்திருக்காம, எட்டு வயசு தாண்டின குட்டி நாயை வருஷத்துக்கு ஒரு தடவையாவது செக்கப் கூட்டிட்டுப் போகணும்.

நுரையீரல்ல நீர் கோத்துக்கிட்டா ஃப்யூரோசிமைடு சேரும். இது நீர் பிரிக்கிற மாத்திரை. நாய் அடிக்கடி ஒண்ணுக்குப் போகும், தண்ணியா குடிக்கும். 'வீட்டை நாறடிக்குது'னு தண்ணிக் கிண்ணத்தை எடுத்து வெச்சுடாதீங்க ப்ளீஸ்! அதே மாதிரி, பாட்டியோட பிரஷர் மாத்திரை, நம்ம இருமல் சிரப், பாராசிட்டமால்னு வீட்டு டப்பாவுல இருந்து எதையும் கொடுக்கக் கூடாது. டோஸ் நாயோட வெயிட்டுக்கு ஏத்த மாதிரி டாக்டர் போடுற கணக்கு. ஆனா ஒண்ணு, பழுதான வால்வை மாத்திரை ரிப்பேர் பண்ணாது. வேலையை லேசாக்கும், அவ்வளவுதான். அதனால 'இப்போ நல்லாத்தானே இருக்கு'னு நடுவுல நிறுத்திடாதீங்க.

வீட்டுல என்ன பண்ணலாம்?

* கழுத்துப் பட்டைக்கு குட்பை. நெஞ்சைச் சுத்தி மாட்டுற ஹார்னெஸ் வாங்குங்க. மூச்சுக்குழாய்ல பிரஷர் விழாது.

* வாக்கிங் காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, சாயங்காலம் தரை ஆறின பிறகு. அது உட்கார்ந்தா நீங்களும் உட்காருங்க, இழுக்காதீங்க.

* கருவாடு, அப்பளம், சிப்ஸ், ஊறுகாய் சோறு கட். உப்பு ஏறினா உடம்புல நீர் தங்கும். குண்டு நாயா இருந்தா டாக்டரைக் கேட்டு வெயிட் குறைங்க.

* கொசுவத்தி, சாம்பிராணி, சிகரெட் புகை அது படுக்கிற ரூம்ல வேண்டாம்.

* தீபாவளி வெடிக்குப் பயப்படுற பார்ட்டின்னா, ரெண்டு வாரம் முன்னாடியே டாக்டரைக் கேட்டு வெச்சுக்கோங்க.

இதைப் பாத்தா யோசிக்காதீங்க!

நாக்கு, ஈறு நீலமாவோ சாம்பலாவோ மாறுறது, சும்மா இருக்கும்போதே வாயைத் திறந்து வயிறு குலுங்க மூச்சு விடுறது, படுக்க முடியாம கழுத்தை நீட்டிக்கிட்டே நிக்கிறது, மயங்கி விழுறது... இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வாயில தண்ணி ஊத்துறது, தேன் தடவுறது எல்லாம் வேண்டாம். போற வழியில நெஞ்சை அமுக்கித் தூக்காம, காத்து வர்ற மாதிரி வெச்சுக்கோங்க.

'ஒரு நாய்க்குப் போய் இவ்வளவு செலவா?'ங்கிற கேள்வி எல்லா வீட்டுலயும் வரும். நியாயமான கேள்விதான். எக்கோவும் மாசாமாசம் மாத்திரையும் மிடில் கிளாஸ் பட்ஜெட்டுக்கு இடிக்கும். தனியார் கிளினிக் கட்டலைன்னா, கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளை விசாரிங்க. 1903-ல தொடங்கின சென்னை வேப்பேரி கல்லூரி இருக்கு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலயும் கல்லூரிகள் இருக்கு. அங்கே வெள்ளை கோட்டோட நிக்கிறதுல நம்ம வயசுப் பசங்களும் இருப்பாங்க!

ஆனா எண்ணுறதுக்குக் காசு வேண்டாம். இந்த வாரம் ஊருக்குப் போறவங்களுக்கு ஒரே ஒரு அசைன்மென்ட்: உங்க நாய் தூங்கும்போது எண்ணி, அந்த நம்பரைத் தேதியோட காலண்டர்ல எழுதுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி அப்பாவுக்கோ அம்மாவுக்கோ, தம்பி தங்கச்சிக்கோ சொல்லிக்கொடுத்துட்டு வாங்க. ராத்திரி போன்ல, 'சாப்பிட்டியா?'னு அவங்க கேட்டதும், 'இன்னிக்கு எத்தனை?'னு நீங்க கேளுங்க!