போன பணத்துக்காக மறுபடியும் சீசன் பாஸ் வாங்கலாமா?

கேமரன் மலைக் காற்பந்து ரசிகர்களின் நிலைமை கொஞ்சம் விநோதமானது. வரைபடத்தில் கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் மலையிலிருந்து பெரும்பாலோர் இறங்குவது பேராக் பக்கம்தான், தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ. தானா ராத்தாவிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தன் மாநிலத் தலைநகரான குவாந்தானுக்குப் போக ஐந்து மணி நேரமாவது வேண்டும். அதனால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலருக்குப் பகாங்கின் ‘தோக் காஜா’ உயிர், சிலருக்குப் பேராக்.

2025-இல் இந்த இரு தரப்புக்கும் அடி விழுந்தது. ஐந்து முறை லீக் வெற்றியாளரும் நான்கு முறை மலேசியக் கிண்ண வெற்றியாளருமான பகாங், அவ்வாண்டு ஏப்ரல் மாதம் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜோகூர் டாருல் தாக்சிமிடம் 2-1 என்று தோற்றது. அதன் பிறகு 2025-26 சூப்பர் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. பேராக் குழுவும் விலகியது. இரண்டு குழுக்களும் இல்லாமல் 13 குழுக்களோடு லீக் தொடங்கியது.

இப்படி ஒரு குழு விலகிப் பிறகு திரும்பி வந்தால் ரசிகரிடம் முதலில் கேட்பது சீசன் பாஸ் பணத்தைத்தான். சீசன் பாஸ் என்பது சொந்த அரங்கில் நடக்கும் எல்லா ஆட்டங்களுக்கும் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கும் சீட்டு. அப்போது இரண்டு விதமான பதில்கள் வரும். “பத்து வருஷமா காசு போட்டுட்டோம், இப்ப விட்டா எல்லாம் வீணாயிடும்” என்பது ஒன்று. “இவ்வளவு செஞ்சும் விட்டுட்டுப் போனாங்க, இனி ஒரு காசு தர மாட்டேன்” என்பது மற்றொன்று.

இரண்டும் எதிர்ப்பதில்கள்போலத் தெரியும். ஆனால் இரண்டு பேரும் பார்ப்பது ஒரே திசையை, கடந்த காலத்தை. முடிவு எடுக்க அது சரியான திசை அல்ல என்பது என் கருத்து. வீட்டுப் பணத்தைச் செலவழிக்க அப்பா அம்மாவைக் கேட்கும் வயதில் இருக்கும் உங்களுக்கு இது முக்கியம்.

மூழ்கிய செலவு

கொடுத்துவிட்ட, இனி எப்படியும் திரும்பி வராத பணத்தைப் பொருளியலில் ‘மூழ்கிய செலவு’ என்பார்கள். கிணற்றில் விழுந்த காசுபோல. அதற்காக மேலும் பணத்தைப் போடுவது பகுத்தறிவுக்குப் பொருந்தாது. ஆனால் மனம் அப்படி நினைப்பதில்லை. “விட்ட இடத்தில்தான் பிடிக்க வேண்டும்” என்று நம்மவர்கள் சொல்வது இந்த மனநிலையைத்தான்.

இது மனித மனத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதும் ஒரு சீசன் டிக்கெட்தான், நாடகத்துக்கு. ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்த முதல் 60 பேரை, அவர்களுக்கே தெரியாமல், மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவு முழு விலையான 15 டாலரைக் கட்டியது. இரண்டாம் பிரிவுக்கு 2 டாலர் தள்ளுபடி. மூன்றாம் பிரிவுக்கு 7 டாலர் தள்ளுபடி. யார் எந்தப் பிரிவு என்பது குலுக்கல்போலத்தான் முடிவானது.

பிறகு யார் எத்தனை நாடகத்துக்கு வந்தார்கள் என்று எண்ணினார்கள். பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள் சராசரியாக 4.11 டிக்கெட்டுகளைப் பயன்படுத்தினார்கள். தள்ளுபடி பெற்ற இரு பிரிவினரும் ஏறக்குறைய 3.3. நாடகங்கள் ஒன்றே, இருக்கைகளும் ஒன்றே. கூடுதலாகக் கட்டிய சில டாலர்கள்தான் அவர்களைக் கூடுதலாக அரங்குக்கு இழுத்து வந்தன. 1985-இல் வெளியான இந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பருவத்தின் இரண்டாம் பாதியில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. கொடுத்த பணத்தின் வலி மெல்ல மெல்ல மறந்துபோகிறது.

இலவசமாகக் கிடைத்திருந்தால்?

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் 1980-இல் ஓர் எளிய உதாரணம் சொன்னார். ஒரு குடும்பம் 40 டாலர் கொடுத்துக் கூடைப்பந்து ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கியிருக்கிறது. அரங்கம் 60 மைல் தொலைவில். ஆட்டத்தன்று பனிப்புயல். ஆனாலும் புறப்படுகிறார்கள். அதே சீட்டு இலவசமாகக் கிடைத்திருந்தால் வீட்டிலேயே இருந்திருப்போம் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

நமக்குப் பனிப்புயல் கிடையாது. ஆனால் மழைக்காலத்தில் மண்சரிவு உண்டு. இரவு ஆட்டம் முடிந்து, மூடுபனியில், வளைவு வளைவாக மலையேற வேண்டிய சாலை உண்டு. “பாஸ் வாங்கியாச்சு, போகாமல் இருந்தால் நஷ்டம்” என்று அந்த நேரத்தில் வேனில் ஏறுவது, போன பணத்துக்காகப் புதிய ஆபத்தை விலைக்கு வாங்குவது. போனாலும் போகாவிட்டாலும் பாஸ் பணம் திரும்பப் போவதில்லை.

அதனால் ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் உங்களையே கேளுங்கள்: “இந்தச் சீட்டு இலவசமாகக் கிடைத்திருந்தால் இன்று போவேனா?” ஆம் என்றால் போங்கள். இல்லை என்றால் வானொலியிலோ கைப்பேசியிலோ ஆட்டத்தைத் தொடருங்கள்.

நினைத்ததும் நடந்ததும்

மனம் செய்யும் இரண்டாவது தவறு எதிர்காலத்தைப் பற்றியது. வாங்கும்போது “எல்லா ஆட்டத்துக்கும் போவேன்” என்றுதான் தோன்றும். அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி நிலையங்களின் பதிவுகளை ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிய உறுப்பினர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போனார்கள். ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும்.

இதையே காற்பந்துக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. 13 குழுக்கள் இரு சுற்று ஆடினால் ஒரு குழுவுக்குச் சொந்த அரங்கில் 12 ஆட்டங்கள். சீசன் பாஸ் 150 ரிங்கிட், தனிச்சீட்டு 20 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டுக்கும் போனால் தனிச்சீட்டுக்கு 240 ரிங்கிட். பாஸ் 90 ரிங்கிட்டை மிச்சப்படுத்தும். 150-ஐ 20-ஆல் வகுத்தால் 7.5. அதாவது எட்டு ஆட்டத்துக்காவது போனால்தான் பாஸ் லாபம். ஐந்துக்குத்தான் போவீர்கள் என்றால் தனிச்சீட்டே போதும், 100 ரிங்கிட்டில் முடிந்துவிடும்.

மலையில் இருப்பவருக்கு இன்னொரு செலவும் சேரும். நண்பர்கள் சேர்ந்து வேன் பிடித்து ஆளுக்கு 40 ரிங்கிட் போட்டால் 12 பயணத்துக்கு 480 ரிங்கிட். பாஸும் சேர்த்தால் 630. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தோட்டச் சம்பளத்தில் வாழும் வீட்டில் இது சின்னத் தொகை அல்ல.

எட்டு ஆட்டத்துக்குப் போவீர்களா என்பதை ஆசையிடம் கேட்காதீர்கள். கடைசியாக ஆதரித்த பருவத்தில் உண்மையில் எத்தனைக்குப் போனீர்கள் என்று எண்ணுங்கள். கடந்த காலத்தால் இங்கே ஒரே ஒரு பயன் உண்டு: அது தகவல் தரும்.

அப்படியானால் விசுவாசம் முட்டாள்தனமா?

இந்த இடத்தில் சிலர் கேட்கலாம்: “உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது. ரசிகன் கணக்குப் பார்க்கலாமா?” நியாயமான கேள்வி.

பிரிட்டனில் பீட்டர் டோல்டன், ஜார்ஜ் மெக்கரான் என்ற ஆய்வாளர்கள், கைப்பேசிச் செயலி வழியாக மக்கள் தங்கள் மனநிலையைப் பதிவு செய்த லட்சக்கணக்கான பதில்களைக் காற்பந்து முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். தங்கள் குழு தோற்றதும் ரசிகருக்கு ஏற்படும் வருத்தம், வென்றதும் வரும் மகிழ்ச்சியைப்போல ஏறத்தாழ இரு மடங்கு என்று 2018-இல் தெரிவித்தார்கள். வெற்றி தோல்வியை மட்டும் கூட்டிக் கழித்தால் யாருமே ரசிகராக இருக்க முடியாது.

ஆனாலும் கோடிக்கணக்கானோர் இருக்கிறார்கள். அப்படியானால் அவர்கள் பெறுவது வெற்றியை மட்டும் அல்ல. நண்பர்களோடு செல்லும் பயணம், ஒன்றாகக் கத்துவது, “எங்க குழு” என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருப்பது, இவையெல்லாம் அடுத்த பருவத்திலும் கிடைக்கக்கூடியவை. கணக்கில் எதிர்காலப் பக்கத்தில் இவற்றை எழுதலாம், எழுத வேண்டும். ஆகவே விசுவாசம் முட்டாள்தனம் அல்ல. “இதுவரை செலவழித்தது வீணாகிவிடும்” என்ற பயத்தை விசுவாசம் என்று நினைத்துக்கொள்வதுதான் பிழை. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. இன்றுதான் முதல் முறையாக இந்தக் குழுவைப் பற்றிக் கேள்விப்படுகிறீர்கள், நண்பர்கள் எல்லாரும் அதன் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் சேருவீர்களா?

இன்னொரு வாதமும் உண்டு. எல்லாரும் “பார்த்துவிட்டு வாங்கலாம்” என்று காத்திருந்தால், பருவத்தின் தொடக்கத்தில் குழுவின் கையில் பணம் இருக்காது. இது உண்மைதான். எட்டு ஆட்டத்துக்குப் போக முடியாதவரும் குழு பிழைக்கட்டும் என்று பாஸ் வாங்கலாம். ஆனால் அதை நன்கொடை என்று தெரிந்தே கொடுக்க வேண்டும். நன்கொடை கொடுப்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு.

கவ்வாத்தா, பட்டுப்போன செடியா?

என்ன கேள்வி? அதைத் தேயிலைச் செடி சொல்லித் தருகிறது.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பசேல் என்றிருந்த மலை, குச்சிகளாக நிற்கும். சில மாதங்களுக்குக் கொழுந்து இல்லை, வருமானமும் இல்லை. வெளியூர்க்காரர் பார்த்தால் செடி செத்துவிட்டது என்பார். உண்மையில் நுனி மொட்டுகள் போனதும், அவை அனுப்பிவந்த ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் குறைந்து, பக்க மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. இலையே இல்லாத அந்த நாள்களில் செடி உயிர் பிழைப்பது வேரில் சேமித்த மாவுப்பொருளைக் கொண்டுதான். சேமிப்பு போதாத செடி கவ்வாத்துக்குப் பிறகு பட்டுப்போகும். அதனால்தான் இலங்கையில் வெட்டும் முன்பே வேரை நறுக்கி அயோடின் சொட்டுவிட்டுப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. கருநீலமாக மாறினால் மாவுப்பொருள் இருக்கிறது. நீங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்யும் அதே சோதனை.

விலகி நிற்கும் குழுவும் வெளியிலிருந்து பார்த்தால் வெறும் குச்சிதான். அது கவ்வாத்து வெட்டிய செடியா, பட்டுப்போன செடியா என்பது இன்றைய தோற்றத்தில் தெரியாது. பழைய கிண்ணங்களிலும் தெரியாது. வேரைப் பார்க்க வேண்டும். இளையோர் குழுக்கள் தொடர்ந்து பயிற்சி பெறுகின்றனவா? விளையாட்டாளர்களுக்குச் சம்பளம் நேரத்தோடு போகிறதா? அடுத்த மூன்று ஆண்டுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று நிர்வாகம் வெளிப்படையாகச் சொல்கிறதா? பாஸ் விற்கும் எந்தக் குழுவும், பகாங்கோ பேராக்கோ வேறு எதுவோ, இந்தப் பதில்களை முதலில் தர வேண்டும். ரசிகர்கள் கேட்காதவரை யாரும் தர மாட்டார்கள்.

இந்தக் கணக்கு காற்பந்தோடு நின்றுவிடாது. பிடிக்காத ஒரு வகுப்பில் “கட்டணம் கட்டிட்டோமே” என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. எஸ்.பி.எம். முடிந்ததும் “இவ்வளவு நாள் இதைத்தானே படித்தேன்” என்ற ஒரே காரணத்துக்காக மேற்படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. 150 ரிங்கிட் பாஸில் இந்தத் தவறைக் கண்டுபிடிக்கப் பழகினால், வாழ்க்கையின் பெரிய முடிவுகளில் அது கைகொடுக்கும்.

அடுத்த முறை சீசன் பாஸ் விளம்பரம் வந்ததும் ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். போன பருவத்தில் எத்தனை ஆட்டத்துக்குப் போனேன்? இந்தப் பருவத்தில் எனக்கு என்ன கிடைக்கும்? குழுவின் வேரில் மாவுப்பொருள் இருக்கிறதா? இதுவரை எவ்வளவு செலவழித்தோம் என்பதற்கு அந்தத் தாளில் இடம் வேண்டாம். எழுதிய தாளை அப்பா அம்மாவிடம் காட்டிவிட்டுப் பணம் கேளுங்கள்.