பல்லா, பாலா?

கோயில் ட்யூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் வர இரண்டு இஞ்ச் இடம் விட்டுவிட்டு மீதி முழுக்க 'உபயம்: இன்னார், இன்ன மளிகை, இன்ன தெரு' என்று சிவப்பு பெயின்ட்டில் எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் இதைக் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. ஆனால் மதுரைக்காரன் கிண்டல் பண்ணக் கூடாது ஸார். நம்ம ஊரில் இந்தப் பழக்கத்துக்கு வயசு இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது.

நம்பாவிட்டால் அழகர்மலைக் குகைக்குப் போய்ப் பாருங்கள். சமணத் துறவிகள் தங்கியிருந்த இடம். அங்கே பாறையில் பேர் வெட்டிக்கொண்டவர்கள் யார் யார்? மதுரைப் பொற்கொல்லன் ஆதன். உப்பு வணிகன் வியக்கன். பாணித வணிகன் நெடுமூலன் (பாணிதம் என்றால் பாகு, வெல்லம் சமாசாரம்). கொழு வணிகன் ஒருத்தர், அதாவது ஏர்க்கொழு விற்றவர், இன்றைய பாஷையில் அக்ரி ஹார்டுவேர். கிட்டத்தட்ட கீழமாசி வீதி முழுசும் மலையேறிப் போய் நன்கொடை கொடுத்துவிட்டு வந்திருக்கிறது!

நான் பி.காம். கணக்கு எழுதும் கலையைப் பற்றி வெனிஸ் நகரத்தில் 1494-ல் பாசியோலி என்கிற பாதிரியார் புத்தகம் போட்டார் என்று எங்களுக்கு உருப்போட வைத்தார்கள். நல்லது. ஆனால் மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மலையில் 'வெள்ளறை நிகமத்தோர்' என்று ஒரு வியாபாரிகள் சங்கம் கிறிஸ்துவுக்கு முன்னாலேயே தன் பேரைப் பாறையில் பதிந்துவிட்டுப் போயிருக்கிறது என்பதை ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை.

சரி, பேர் வெட்டினார்கள். நாம் ஏன் அதைப் படிக்க முடியாமல் இத்தனை காலம் முழித்தோம்? அதுதான் சுவாரசியம்.

மாங்குளம் கல்வெட்டுகளை 1882-ல் ராபர்ட் சிவெல் என்கிற வெள்ளைக்காரர் கவனித்தார். எழுத்து பிராமி. அசோகர் கல்வெட்டால் பண்டிதர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான எழுத்துதான். ஆனால் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. பாலி மொழியோ, பிராகிருதமோ என்று ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். 1924-ல் கே.வி. சுப்பிரமணிய அய்யர்தான், 'இதில் ழ, ள, ற, ன எல்லாம் இருக்கிறது, வடமொழியின் வர்க்க எழுத்துகள் காணோம், இது தமிழய்யா' என்கிற அர்த்தத்தில் அடித்துச் சொன்னார். ழ இருந்தால் வேறு யார் வீட்டுப் பிள்ளையாக இருக்க முடியும்?

தமிழ் என்று தெரிந்தும் ஒரு சிக்கல் பாக்கி. அசோகர் எழுத்தில் ஒரு கூட்டல் குறி போட்டால் அது 'க'. அகரம் உள்ளேயே இருக்கிறது, இலவச இணைப்பு மாதிரி. வலது பக்கம் ஒரு சின்னக் கோடு இழுத்தால் 'கா'. பிராகிருதத்துக்கு இது போதும். அங்கே சொல் மெய்யில் முடிவது அபூர்வம். நம்ம கதை அப்படியா? கல், மண், கண், அவன், இவன்... எல்லாம் மெய்யில்தான் முடிகிறது. 'க்' எழுத வேண்டுமே, என்ன பண்ணுவது?

மாங்குளத்து ஆள் ஒரு ஐடியா பண்ணினார். வெறும் கூட்டல் குறியென்றால் 'க்'. கோடு போட்டால் 'க'. அப்போ 'கா'? அதுவும் அதே கோடுதான்! இடம் பார்த்து நீயே புரிந்துகொள் என்று விட்டுவிட்டார். ஆக, ப-வுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் வெறும் ல எழுதினால் அது பல்லாகவும் இருக்கலாம், பாலாகவும் இருக்கலாம். அசோகர் கணக்கில் படிக்கிற பண்டிதர் இதையே 'பால' என்று படிப்பார். பல்லும் போச்சு, பாலும் போச்சு.

இதே குழப்பம் கடலுக்கு அந்தப் பக்கமும் உண்டு. மாயன் எழுத்தில் 'ப, க, ல' என்று மூன்று அசை எழுதியிருந்தால் கடைசி அகரத்தை முழுங்கிவிட்டு 'பகல்' என்று படிக்க வேண்டும். (நம்ம பகல் இல்லை. அவர்களுக்குக் கேடயம். அந்தப் பேரில் ஒரு ராஜாவே உண்டு.) அவர்கள் கேடயப் படத்தைப் போட்டும் அதே சொல்லை எழுதுவார்கள். படமும் அசையும் கலந்துகட்டின எழுத்து. 1562-ல் டியகோ டி லாண்டா என்ற பாதிரியார் அந்த ஏடுகளையெல்லாம் கொளுத்திவிட்டு, பிறகு உள்ளூர்க்காரர் ஒருவரை உட்கார வைத்து 'உங்க ஏ, பி, சி-யை எழுது' என்றார். இவர் எழுத்தின் பேரைச் சொன்னால் அவர் அசையை எழுதினார். அது அசை என்று ரஷ்யாவின் நொரோசோவ் 1952-ல் எடுத்துக் காட்டின பிறகுதான் பூட்டு திறக்க ஆரம்பித்தது.

நமக்குப் பூட்டைத் திறந்தவர் ஐராவதம் மகாதேவன். ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஃபைலில் கையெழுத்துப் போட்ட நேரம் போக மலைமலையாக ஏறினார். 1965-ல் மாங்குளத்தில் அவர் படித்தது ஒரு ராஜாவின் பேர்: நெடுஞ்செழியன். கல்லில் இருப்பது என்னமோ 'நெடுஞ்சழியன்'தான். அந்தப் பாண்டியனின் பணியாள் கடலன் வழுதி, கணி நந்தசிரி குவன் என்ற துறவிக்குப் பள்ளி வெட்டிக் கொடுத்தது சேதி. 'பள்ளி' கல்லில் 'பளி' என்று இருக்கிறது. கடலன், 'கடல்அன்' என்று தனியாக அ போட்டு உடைந்து கிடக்கிறான். எழுதினவர் திணறியிருப்பது தெரிகிறது பாருங்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பது மகாதேவன் கணக்கு. (கண்ணகி கதை நெடுஞ்செழியனா என்று கேட்காதீர்கள். கல் அதைச் சொல்லவில்லை.)

பிறகு வேறொரு முறை வந்தது. கோடு போட்டால் 'கா' மட்டும், வெறும் எழுத்து 'க்' அல்லது 'க'. குழப்பம் ஒழியவில்லை, இடம்தான் மாறியது. கடைசியில் எவரோ ஒரு மகராசன் தலையில் ஒரு புள்ளி வைத்தார். புள்ளி வைத்தால் மெய், வைக்காவிட்டால் அகரம். தீர்ந்தது வழக்கு. தொல்காப்பியம் புள்ளியைச் சட்டமாகவே சொல்கிறது. ஒரு குழந்தை 'க்' எழுதும்போது வைக்கிற அந்தத் துளிப் புள்ளிக்காக எத்தனை தலைமுறை தடுமாறியிருக்கிறது!

கீழவளவில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், சில எழுத்துகளைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் வெட்டி வைத்திருக்கிறார். கொடுத்தவர் தொண்டிக்காரர். வெட்டியவர் எந்த மூடில் இருந்தாரோ.

இதெல்லாம் மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. பாறையில், வெயிலில் இருக்கிறது. பாறை போனால் கூடவே போகும். அரிட்டாபட்டியும் மாங்குளம் குகைகள் இருக்கிற மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேரை 2022-ல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. 2024-ல் அதையும் உள்ளடக்கி சுமார் 2,015 ஹெக்டேரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் விடவில்லை. 2025 ஜனவரியில் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்து. பல்கலைக்கழகம் வைத்துப் பாதுகாக்க வேண்டியதை ஆடு மேய்க்கிறவரும் நாற்று நடுகிற அக்காவும் காப்பாற்றிக் கொடுத்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

போகிறவர்கள் வெயில் சாய்ந்த நேரமாகப் போங்கள். அப்போதுதான் வெட்டில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். குகை நெற்றியில் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் ஒரு காடி வெட்டியிருக்கும், அதை ஒட்டித் தேடுங்கள். கூட்டல் குறி கண்ணில் பட்டால் அதுதான் 'க்'. பக்கத்தில் கோடு இருக்கிறதா பாருங்கள். பெயின்ட்டில் காதலர் பேர் ஏதாவது தென்பட்டால் அது கி.மு. இல்லை, புள்ளியெல்லாம் சரியாக வைத்திருப்பார்கள்.