போர்ட் ஒயினும் எங்கள் பேட்டையும்

"தித்திப்பாயிருக்கிறதே, இதுவா தீங்கு செய்யும்?" கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் போர்ட் ஒயினைப் பற்றிப் பேச்செடுத்தால் இக்கேள்வி வராமற் போகாது. சாராயம் என்றாலே முகஞ்சுளிக்கும் பாட்டிமாரும், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு 'இரத்தம் ஊறும்' என்று இதில் இரண்டு மூடி ஊற்றிக் கொடுக்கத் தயங்குவதில்லை. நிறம் சிவப்பாம், ஆகவே இரத்தமாம்! அப்படியானால் செம்மண் கரைசலையும் குடிக்கலாமே!

நண்பர்களே, அந்தத் தித்திப்பு எப்படி வந்தது என்று பார்ப்போம். திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு ஆல்கஹாலாக மாற்றுகிறது. தன் போக்கில் விட்டால் சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்து, இனிப்பற்ற மதுவே எஞ்சும். போர்ச்சுகலின் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் வேறு வழி கண்டனர். சாறு பாதி நொதித்திருக்கும்போதே, திராட்சையிலிருந்து வடித்த 77 விழுக்காட்டுச் சாராயத்தை அதில் ஊற்றுகின்றனர். ஈஸ்ட் அதைத் தாங்காமல் மடிகிறது. மிஞ்சிய சர்க்கரை அப்படியே நிற்கிறது. ஆக, இனிப்பைக் காத்து நிற்பதே அச்சாராயந்தான்! அந்தப் போர்ட்டின் வலிமை ஏறத்தாழ 20 விழுக்காடு. 60 மில்லியில் 12 மில்லி ஆல்கஹால். 5 விழுக்காட்டுப் பீர் 240 மில்லியில் இருப்பதும் அதே அளவுதான். நாக்கு இதை அறியாது.

எங்கள் ஊரில் ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும் பிற கிறிஸ்தவர் வீடுகளிலும் கிறிஸ்துமசுக்குப் பீங்கான் ஜாடியில் ஊறும் ஒயின் வேறு வகை. அதில் சர்க்கரையைக் கொட்டி நொதிக்க விடுவார்கள், சாராயம் சேர்ப்பதில்லை. கடையில் போர்ட் என்று விற்பனவெல்லாம் டோரோ முறையில் செய்தவையும் அல்ல. நம் பெங்களூர் நீலத் திராட்சையில் செய்து அப்பெயரிட்டு விற்பதுண்டு. ஐரோப்பாவிலோ டோரோவில் விளைந்ததற்கு மட்டுமே அப்பெயர் உரியது.

அப்படியானால் தொடவே கூடாதா? நான் அதைச் சொல்ல வரவில்லை. யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. சுவையறிந்த மரபு நமக்குண்டு! ரூபி வகை காற்று அதிகம் படாமல் வைக்கப்படுவதால் செந்நிறமும் பழமணமும் மாறாதிருக்கும். டானி வகையோ சிறிய மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் காற்றை உண்டு பழுப்பேறும்; முந்திரி, பாதாம் போன்ற மணம் எழும். மதேராத் தீவின் மது இன்னும் வேடிக்கை: கப்பலில் இந்தியா வரை வந்து வெயிலில் வெந்து திரும்பிய பீப்பாய்க்கு அந்நாளில் தனி மதிப்பு! உணவுக்குப் பின் சிறு கிண்ணத்தில், முதலில் முகர்ந்து, பிறகு துளித்துளியாகச் சுவைக்க வேண்டிய பொருள் இது. தம்ளர் நிறைய ஊற்றி ஒரே மூச்சில் விழுங்குபவருக்கு இதில் என்ன தெரியப் போகிறது?

சுவைப்பது வேறு, மருந்தென நம்புவது வேறு. ஆல்கஹாலில் தீங்கற்ற அளவென்று ஒன்றில்லை என 2023-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. தாய் குடித்த ஆல்கஹால் தாய்ப்பாலிலும் கலக்கிறது. இரத்தசோகைக்கு அரசு மருத்துவமனையில் இரும்புச்சத்து மாத்திரை உண்டு. 2001-இல் சுரங்கம் மூடியபின் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு அன்றாடம் ரயிலேறும் குடும்பங்கள், இல்லாத இரத்தத்துக்காக ஒரு புட்டியின் விலையை ஏன் அழ வேண்டும்?

புட்டியின் மேல் ஆல்கஹால் விழுக்காடு அச்சிட்டிருக்கிறது. பாட்டிக்கு அந்தப் பொடி எழுத்து தெரியாது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம் அதைப் படித்துச் சொல்லலாம், ஊற்றுவதற்கு முன்பு.